இரண்டு பதினேழு

மே மாதத்தில் இரவு என்று கடிகாரம்தான் சொல்கிறது,
அகுரெய்ரியின் ஜன்னல்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.
உதவி எண்ணில் நான் மட்டும்.
ஆறிய காபி. எது கெட்டாலும்
எந்த வரிசையில் கேட்கவேண்டும் என்று
அச்சடித்துத் தந்த ஒரு தாள்.

ஹொஃப்ஸோஸுக்கு மேலே மலையடியிலிருந்து
ஆஸ்முண்டுர் என்று ஒருவர், மூக்குப்பொடிக் குரலில்:
டிவியில் படம் நிற்கிறது, நடுவில் ஒரு வட்டம்
வாலைத் துரத்தும் நாய் மாதிரி.
என்ன நேரலை பார்க்கிறீர்கள்?
மோரா, என்றார்.
பட்டியலில் தேடினேன், அப்படி ஒரு சானல் இல்லை.
ஆடு. பழுப்பு. தலையீற்று.
கொட்டிலில் கேமரா வைத்திருக்கிறேன்.
வெளியே பனிக்காற்று,
உள்ளே பனிக்குடம் எப்போது உடையுமோ,
எனக்கோ இடுப்பில் புது மூட்டு.

சாதனத்தின் வயரைப் பிடுங்கி முப்பது எண்ணுங்கள், என்றேன்.
முப்பதில் அவர் நிற்கவில்லை,
பட்டியில் எண்ணிய பழக்கம்.
நாற்பத்தொன்றில் நானே நிறுத்தினேன்.

டிவியின் முதுகோடு ஒட்டிக்கிடந்தால் வைஃபைக்கு மூச்சு முட்டும்,
நீட்டிப்பு வயரில் வெளியே இழுத்து விடுங்கள்.
ரவுட்டர்?
ரொட்டி டப்பாவுக்குப் பின்னால், என்றது ஒரு பெண்குரல்.
மனைவி. ரக்னா. டப்பா நகரும் சத்தம்.
தேங்கிய தரவை அழியுங்கள்.
அழித்தால் மோரா போய்விடுமா?
போகாது. படத்தின் தெளிவை ஒருபடி குறையுங்கள்.
குறைத்தால் கொம்பு தெரியாதே, என்றார் அவர்.
நமக்கு வேண்டியது மறுமுனை, என்றாள் ரக்னா.

வட்டம் போயிற்று.
படம் வந்துவிட்டது, படுத்திருக்கிறாள்,
சாது, அசையவே இல்லை.
'தீர்ந்தது' என்ற கட்டத்தின் மேல் என் விரல்.
தாளின் அடியில் ஒரு கேள்வி,
யாரும் கேட்பதில்லை, ஏன் கேட்டேன் தெரியாது:
மூலையில் மணி என்ன காட்டுகிறது?

இரண்டு பதினேழு.

என் சுவரில் இரண்டு ஐம்பத்து மூன்று.

தொலைபேசி மேசையில் விழுந்தது.
நாற்காலி. கதவு.
கம்பி வழியே என் காதுக்குள்
அந்த மலையின் காற்று.
வீட்டுச் செருப்போடு ஓடுகிறார், என்றாள் ரக்னா,
இடுப்பை மறந்துவிட்டார்.

செயலியை முழுக்க மூடித் திறங்கள், என்றேன்,
வேறென்ன சொல்ல எனக்குத் தெரியும்?
திரும்ப அந்த நாய், அந்த வால்.
பிறகு, வந்துவிட்டது, என்றாள். மண்டியிட்டிருக்கிறார்.
ஒரு குட்டியை மோரா நக்குகிறாள்.
இன்னொன்றை இவர் வைக்கோலால் தேய்க்கிறார்,
பின்னங்காலைப் பிடித்து வீசுகிறார், திரும்பத் தேய்க்கிறார்.
அசையவில்லை.
ஹலோ, படம் நின்றுவிட்டதா?
விநாடி ஓடுகிறதா பாருங்கள்.
அவள் நேரம் எடுத்துக்கொண்டாள்.
ஓடுகிறது, என்றாள்.

அப்போது நின்றது படம் இல்லை.
என் தாளில் இதற்கு அடுத்த வரி இல்லை.
இருவரும் பேசாமல் இருந்தோம்,
ஒரு நிமிடமோ, கூடவோ.
அவள் பக்கம் ஒரு குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

கதவு.
மூச்சிரைப்பு. அடுப்பைத் திற, அடுப்பைத் திற.
ஸ்வெட்டருக்குள்ளிருந்து
கிழிந்த துணி மாதிரி ஒரு கத்தல்.

நேரலை என்று நாங்கள் விற்பது
ஒன்றரை நிமிடம் பழையது;
விளம்பரத்தில் சொல்வதில்லை.
சமையலறையில் ஆஸ்முண்டுர் பனியை உதறுகிறார்,
திரையில் ஆஸ்முண்டுர் இன்னும் மண்டியிட்டிருக்கிறார்,
கையில் அதே குட்டி, தொங்குகிறது.

வேறு ஏதாவது உதவி வேண்டுமா, என்று
தாளைப் பார்த்துக் கேட்டேன்.

உஷ், இருங்கள், என்றாள் ரக்னா,
முதுகுக்குப் பின்னால் குட்டி கத்தக் கத்த
டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல்.
இதோ,
இப்போதுதான் மூச்சு விடுகிறது.